மூன்று நிமிடம் யார் கணக்கில்? ஜப்பான் ரயில்களில் எட்டு நாள்

ஜூன் 9, திங்கள். டோக்கியோ

மழைக்காலம் தொடங்கிவிட்டது. இங்கே அதற்கு ட்சுயு என்று பெயர். கொட்டித் தீர்க்கும் மழையல்ல, நாள் முழுக்க நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும் ரகம். காலை நேர ரயிலுக்கு இந்தத் தூறல்தான் பொல்லாதது. வழக்கமாக சைக்கிளில் ஸ்டேஷனுக்கு வருபவர்கள் பஸ் பிடிக்கிறார்கள். பஸ் ஊர்ந்து வந்து சேர்கிறது. பத்து நிமிடத்தில் பிரிந்து ஏறவேண்டிய கூட்டம் ஒரே ரயிலில் வந்து விழுகிறது. ஆளுக்கொரு குடை வேறு. மடக்கிய குடையின் நுனி கதவிடுக்கில் மாட்டினால் கதவு மூடியதற்கான விளக்கு எரியாது. விளக்கு எரியாமல் டிரைவர் வண்டியை எடுக்க முடியாது. கார்டு கதவைத் திறந்து மறுபடி மூடவேண்டும்.

எட்டேகால் மணிக்கு வரவேண்டிய வண்டி மூன்று நிமிடம் கழித்து வந்தது. எந்தத் தடம் என்பது இங்கே வேண்டாம், எல்லாத் தடத்திலும் இதே காட்சிதான். அறிவிப்பு உடனே வந்தது: அவசரமாகப் போய்க்கொண்டிருக்கும் உங்களுக்குச் சிரமம் கொடுத்ததற்கு மனமார வருந்துகிறோம். அதன் பிறகுதான் காரணம்: நெரிசல். அதாவது தாமதத்துக்குக் காரணம் நடைமேடையில் நிற்பவர்கள், மன்னிப்புக் கேட்பது கம்பெனி. யாரும் உச்சுக்கொட்டவில்லை. முதுகுப்பையை முன்பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு மூன்று மூன்று பேராக வரிசையில் நின்றார்கள். கதவோரம் இருந்தவர்கள் இறங்கி, ஓரமாக ஒதுங்கி, உள்ளே இருந்து வருபவர்களுக்கு வழிவிட்டு, மறுபடி ஏறினார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமலே இது நடக்கிறது.

வெளியேறும் வாசலில் ஒரு சீட்டு கிடைக்கும். பெயர் சியென் ஷோமெய்ஷோ, தாமதச் சான்றிதழ். துண்டுக் காகிதம்தான். ஓரத்தில் நிமிடங்கள் எண்களாக அச்சாகியிருக்கும், தாமதம் எத்தனையோ அந்த எண்ணில் கிழித்தோ துளையிட்டோ கொடுப்பார்கள். அலுவலகத்திலோ பள்ளியிலோ நீட்டினால் தாமதம் மன்னிக்கப்படும். பொதுவாக ஐந்து நிமிடத்திலிருந்து கணக்கு, ஆகவே இன்றைய மூன்று நிமிடத்துக்குச் சீட்டு கிடையாது. இப்போது கம்பெனிகளின் இணையப் பக்கத்திலும் இதை வெளியிடுகிறார்கள், காலை, பகல், மாலை என்று நேரம் பிரித்து. கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ரயில் தாமதமானது என்பதற்குத்தான் இது சான்று. நீங்கள் அதில் இருந்தீர்கள் என்பதற்கு அல்ல. அதனால்தான் சில இடங்களில் இணையப் பிரதியை ஏற்காமல் காகிதச் சீட்டையே கேட்பார்கள்.

அந்தச் சீட்டில் காரணத்துக்கு இடமில்லை. பொறுப்பாளிக்கும் இல்லை. பணமும் திரும்பாது. எக்ஸ்பிரஸ் கட்டணம் கட்டிய வண்டி இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகச் சேர்ந்தால் அந்தக் கூடுதல் கட்டணம் திரும்பும். அன்றாடம் வேலைக்குப் போகும் ரயிலுக்கு மன்னிப்பும் சீட்டும்தான்.

ஜூன் 10, செவ்வாய். யமனோதே வட்டம்

34.5 கிலோமீட்டர் வட்டம், 30 நிலையங்கள், 11 பெட்டி வண்டி. ஒரு சுற்று வர ஒரு மணி நேரம் போல ஆகும். தாமதம் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. கடைசி நிலையம் என்று ஒன்று இல்லாததால், மற்ற தடங்களில் கடைசி நிறுத்தத்தில் நின்று நேரத்தை மீட்பதுபோல இங்கே சுலபமாக மீட்க முடியாது. தாமதமும் சேர்ந்து சுற்றும்.

பயணிகளுக்கான அட்டவணையில் நிமிடம் மட்டுமே இருக்கும். டிரைவர் முன்னால் இருக்கும் அட்டவணையில் நொடியும் உண்டு. அட்டவணைக்குப் பக்கத்தில் ஒரு குழி, அதில் பாக்கெட் கடிகாரம். ஒவ்வொரு நிலையத்திலும் வெள்ளைக் கையுறை விரலால் சிக்னலைச் சுட்டி, அட்டவணையைச் சுட்டி, கடிகாரத்தைச் சுட்டி, வாய்விட்டுச் சொல்கிறார்கள். டிரைவர் அறைக்குப் பின்னால் உள்ள கண்ணாடி அருகே நின்றால் இதெல்லாம் தெரியும்.

இந்த நொடிக்கணக்குக்கு உலகப்புகழ் கிடைத்தது 2017 நவம்பர் 14 அன்று. ட்சுகுபா எக்ஸ்பிரஸ் தடத்தில் மினாமி-நகாரேயாமா நிலையத்திலிருந்து 9:44:40க்குக் கிளம்பவேண்டிய வண்டி 9:44:20க்குக் கிளம்பிவிட்டது. இருபது நொடிக்குக் கம்பெனி மன்னிப்பு வெளியிட, உலகம் சிரித்தது. ஆனால் ரயில்காரர்களுக்கு அது சிரிப்பல்ல. தாமதமாகக் கிளம்பும் வண்டியை ஓடிவந்தாவது பிடிக்கலாம். முன்கூட்டிக் கிளம்பிய வண்டியைப் பிடிக்க முடியாது; சரியான நேரத்துக்கு வந்த பயணியின் மேல் எந்தத் தப்பும் இல்லை. வண்டி ஊழியர் அட்டவணையைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அன்றே காரணமும் சொன்னார்கள். பொறுப்பு இவ்வளவு துல்லியமாக ஒரு ஆளின் மேல் வந்து நிற்பது முன்கூட்டிக் கிளம்பும்போதுதான். தாமதத்தில் அப்படி நிற்காது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று வைத்துக்கொள்வோம். நிறுத்தத்துக்கு முப்பது நொடி. ஒருவர் ஓடிவந்து மூடும் கதவுக்குள் பையை நீட்டுகிறார். கதவு திறந்து மூட எட்டு நொடி. அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வேறு கதவுகளில் நுழைகிறார்கள். இருபது நொடி போயிற்று. அடுத்த நிலையத்தில் இந்த வண்டிக்காகக் கூடுதலாக இருபது நொடிக் கூட்டம் சேர்ந்திருக்கும், அவர்கள் ஏற மேலும் சில நொடி. பின்னால் வரும் வண்டி சிக்னலில் பிரேக் பிடிக்கிறது. ஓடும் வண்டி நின்று மறுபடி வேகமெடுப்பதற்குள் அது முன்வண்டியைவிட அதிகம் இழக்கிறது. அதற்கும் பின்னால் இருப்பது அதைவிட. பத்து வண்டிக்குப் பிறகு அந்தப் பை நுழைந்த இருபது நொடி மூன்று நான்கு நிமிடமாகப் பெருத்திருக்கும். பைக்காரர் அதற்குள் ஆபீஸில் காபி குடித்துக்கொண்டிருப்பார்.

இதற்கு இங்கே ஒரு வைத்தியம் உண்டு, பழகாதவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். பின்வண்டி தாமதமானால் சரியான நேரத்தில் ஓடும் முன்வண்டியை நிறுத்திவைப்பார்கள். "இடைவெளியைச் சரிசெய்ய ஒரு நிமிடம் நிற்கிறோம்" என்று அறிவிப்பு வரும். முன்வண்டி போய்விட்டால் அதற்கும் பின்வண்டிக்கும் நடுவே இடைவெளி பெரிதாகும், அந்த இடைவெளிக்குள் சேரும் கூட்டமெல்லாம் ஏற்கெனவே தள்ளாடும் வண்டியின் தலையில் விழும். அதைத் தடுக்க, தப்பே செய்யாத வண்டி தாமதத்தை வாங்கிக்கொள்கிறது. இந்த ஒரு நிமிடம் யார் கணக்கு? கட்டுப்பாட்டு அறை வேண்டுமென்றே உண்டாக்கிய தாமதம், ஆனால் மொத்தத் தாமதத்தைக் குறைத்ததும் அதுதான்.

மதியம் கடையில் இரண்டு ஒனிகிரி (சோற்று உருண்டை), முந்நூற்றைம்பது யென் சொச்சம். புளித்த உமெபோஷிப் பழம் வைத்தது சைவத்துக்கு ஓரளவு பக்கம். ஆனால் லேபிளில் மீன்சாறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுக்கவும்.

ஜூன் 11, புதன். தோஸாய் தடம்

டோக்கியோ மெட்ரோவின் இந்தத் தடத்தில் குறைந்தபட்ச டிக்கெட் 180 யென். காலை 7:50 முதல் 8:50 வரை, கிபாவிலிருந்து மோன்சென்-நகாச்சோ வரையிலான ஒரு நிறுத்தத் தூரம். 2019இல் அங்கே நெரிசல் அளவு 199 சதவீதம், நாட்டின் முதலிடங்களில் ஒன்று. 100 என்றால் உட்கார்ந்தோ, கைப்பிடியையோ கம்பியையோ பிடித்துக்கொண்டோ எல்லோரும் போகலாம். 200 என்றால் உடம்போடு உடம்பு அழுந்தும், ஆனாலும் எப்படியோ ஒரு வாரப்பத்திரிகையைப் பிரித்துப் படிக்கலாம் என்று விளக்கம் வைத்திருந்தார்கள். எந்த மகானுபாவர் படித்துப் பார்த்துச் சொன்னாரோ.

இங்கே தாமதத்தோடு நடக்கும் சண்டை முழுக்க இரும்பிலும் சிமென்ட்டிலும்தான். முதலில் கதவு. சாதாரணக் கதவு 1.3 மீட்டர். இந்தத் தடத்துக்கென்று 1.8 மீட்டர் கதவுள்ள பெட்டிகளைச் செய்தார்கள். மூன்று பேர் பக்கவாட்டில் ஏறலாம். ஆனால் கதவு அகலமானால் உட்காரும் இடம் குறையும். நடைமேடைத் தடுப்புக் கதவுகளின் திறப்பும் அதற்கேற்ப அகலமாக வேண்டும். ஒரு பிரச்சினையை அகலப்படுத்தினால் இன்னொன்று குறுகுகிறது.

அடுத்தது மினாமி-சுனமாச்சி. ஒரு நடைமேடை, இரண்டு தண்டவாளம் இருந்த நிலையத்தை இரண்டு நடைமேடை, மூன்று தண்டவாளமாக மாற்றும் வேலை நடக்கிறது, அதுவும் பூமிக்கடியில், வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே. 2024 மே மாதம் ஒரு வாரயிறுதியில் வண்டிகளை நிறுத்தித் தண்டவாளத்தை மாற்றிப் போட்டார்கள். எதற்கு இவ்வளவு பாடு? முன்வண்டி ஒரு பக்கம் நின்று கூட்டத்தை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே பின்வண்டி மறுபக்கம் வந்து நிற்கலாம். பின்வண்டி வெளியே சிக்னலில் காத்திருக்க வேண்டாம். நேற்றைய கணக்கில் பார்த்த அந்தப் பெருக்கம் இந்த இடத்தில் அறுபடும். நெரிசல்தான் காரணம் என்று அறிவிப்புச் சொல்லும்போது, மூன்றாவது தண்டவாளம் இல்லாததுதான் காரணம் என்றும் அதையே வாசிக்கலாம். அப்படி யாரும் அறிவிப்பதில்லை.

பயணிகளையும் விட்டுவைக்கவில்லை. 2019 ஜனவரியில் கூட்ட நேரத்துக்கு முன்பே கிளம்பி வருபவர்கள் எண்ணிக்கை இலக்கைத் தொட்டால் இலவசச் சாப்பாடு என்று அறிவித்தார்கள்: 2,000 பேர் வந்தால் தெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்தது), 2,500 என்றால் சோபா நூடுல்ஸ், 3,000 தாண்டினால் இரண்டும். ஒருவர் முன்கூட்டி வந்து பிரயோசனமில்லை. ஊரே சேர்ந்து வந்தால்தான் சோறு. பொறுப்பைப் பயணிகளிடம் ஒப்படைப்பதற்கு இதைவிட நாகரிகமான வழி தெரியவில்லை.

அதே நினைவில் ஸ்டேஷன் நின்றுசாப்பிடும் கடையில் சோபா. வாசல் இயந்திரத்தில் காசு போட்டு டோக்கன் எடுத்து நீட்டினால், ஒரு நிமிடத்துக்குள் கிண்ணம் வந்துவிடும். அருகிலிருந்தவர் உறிஞ்சி முடித்துக் கிளம்ப நான்கு நிமிடம். குழம்பில் மீன்சீவல் சாறு தவறாமல் உண்டு. சைவக்காரர்கள் இந்தப் பக்கம் வரவேண்டாம்.

ஜூன் 12, வியாழன். ஷிபுயா, கோதகே-முகாய்ஹாரா

இன்று எல்லைகளைப் பார்க்கும் நாள். வடமேற்குப் புறநகரில் ஒரு கம்பெனியின் தண்டவாளத்தில் கிளம்பும் வண்டி, டோக்கியோ மெட்ரோவின் ஃபுகுதோஷின் தடத்தில் நகரத்தைக் கடந்து, ஷிபுயாவில் தோக்யூவின் தோயோகோ தடத்துக்குள் நுழைந்து யோகோஹாமா வரை போகும். பயணி இறங்கவே வேண்டாம். 2023 மார்ச்சில் ஷின்-யோகோஹாமா வழியும் திறந்தபின் இந்த வலையில் ஏழு நிறுவனங்கள், பதினான்கு தடங்கள்.

வண்டி ஒருவருடையது, தண்டவாளம் இன்னொருவருடையது, ஓட்டுபவர் அந்தந்தத் தண்டவாளத்துக்காரர். ஷிபுயாவில் பார்த்தால் தெரியும். கதவு திறந்திருக்கும் நேரத்துக்குள் டிரைவரும் கார்டும் இறங்க, காத்திருந்த இருவர் ஏறுவார்கள். குனிந்து ஒரு வணக்கம், வண்டியின் நிலை பற்றி ஓரிரண்டு வார்த்தை, அவ்வளவுதான் கைமாற்றம். வாடகைக் கணக்கும் சுவாரசியமானது. உன் பெட்டிகள் என் தண்டவாளத்தில் இத்தனை கிலோமீட்டர், என் பெட்டிகள் உன் தண்டவாளத்தில் இத்தனை என்று ஓட்டத்தைச் சமன்செய்து பணப்பரிமாற்றத்தைக் குறைத்துக்கொள்வார்கள். ஒருநாள் குழப்பத்தில் வண்டிகள் தாறுமாறாகச் சிக்கிக்கொண்டால், பின்னொரு நாளில் கூடுதலாக ஓட்டிக் கணக்கைத் தீர்ப்பார்கள்.

கிலோமீட்டருக்கு இப்படித் தீர்வு உண்டு. தாமதத்துக்கு? அறிவிப்பைக் கூர்ந்து கேட்டால் பதில் இருக்கிறது. "இன்ன தடத்தில் நேர்ந்த கதவுச் சோதனையின் விளைவாக" என்று இடம் சொல்லப்படும். எங்கள் வீட்டில் நடந்ததல்ல, அடுத்த வீட்டில் என்று அர்த்தம். உடனே மன்னிப்பும் உண்டு. அடுத்த வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே அவருக்காகவும் தானே வருந்துவது, அதுவும் ஒரே மூச்சில்! இந்த ஊர் மொழிக்கு மட்டும் வாய்த்த வித்தை.

தாமதம் முற்றினால் எல்லையை வெட்டுவார்கள். ச்சொக்குட்சூ உன்டென் ச்சூஷி, நேரடி ஓட்டம் நிறுத்தம். ஒவ்வொரு கம்பெனியும் தன் வண்டிகளைத் தன் எல்லைக்குள்ளேயே திருப்பிக்கொள்ளும், பயணிகள் எல்லை நிலையத்தில் இறங்கி மாறவேண்டும். தொற்று பரவாமல் கதவடைப்பதுபோலத்தான். யோகோஹாமாவில் ஒருவருக்கு மயக்கம் வந்ததற்கு அறுபது எழுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளிப் பிள்ளை தாமதமாவது இதனால் நிற்கும்.

கோதகே-முகாய்ஹாரா இரண்டு தடங்கள் பிரியும் இடம். முன்பு ஒரே மட்டத்தில் குறுக்கே கடந்தன, ஒன்று போக இன்னொன்று நிற்கவேண்டும். ஃபுகுதோஷின் முழுதாகத் திறந்தது 2008 ஜூன் 14, சனிக்கிழமை. திங்கள்கிழமைக் காலைக் கூட்டத்தில் அட்டவணை குலைந்துபோனது. பிறகு கூடுதல் சுரங்கம் தோண்டி அந்தக் குறுக்குவெட்டை நீக்கினார்கள். காகிதத்தில் பொருந்திய அட்டவணை தண்டவாளத்தில் பொருந்தவில்லை என்றால், அதைத் தினமும் சுமப்பது அதை வரைந்தவர் அல்ல, ஓட்டுபவர்.

ஜூன் 13, வெள்ளி. மாலை ஆறு மணி

பலகையில் நான்கு எழுத்து: ஜின்ஷின் ஜிக்கோ. மனித விபத்து. ஒரு தடம் மொத்தமும் நின்றது. மீண்டும் தொடங்க உத்தேச நேரம் என்று ஏறக்குறைய ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டார்கள்.

ஃபுரிகாயே யுசோ என்றொரு ஏற்பாடு உண்டு. நின்றுபோன தடத்துக்கு டிக்கெட் வைத்திருப்பவர் வேறு கம்பெனியின் தடத்தில் கூடுதல் காசு இல்லாமல் போகலாம். பயணம் வருபவர்கள் தெரிந்துகொள்ளவேண்டிய நுணுக்கம்: சீசன் பாஸுக்கும், வண்டி நிற்பதற்கு முன்பே வாங்கிய காகித டிக்கெட்டுக்கும்தான் இது. சுயிகா, பாஸ்மோ அட்டையில் காசு ஏற்றி வைத்திருந்தால் கிடையாது. வாசலில் தொட்டு வெளியேறும் கணத்தில்தான் எங்கிருந்து எங்கே என்பது தீர்மானமாகிறது. அதற்கு முன் அந்த அட்டைக்குப் போகுமிடம் என்று ஒன்று இல்லை என்பது விளக்கம். சுற்றுலா வருபவர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது அந்த அட்டைதான். உள்ளே தொட்டு நுழைந்துவிட்டு அதே நிலையத்தில் வெளியே வரவேண்டுமானால் பல இடங்களில் தானியங்கி வாசல் திறக்காது. ஆள் இருக்கும் வாசலுக்குப் போய் நுழைவுப் பதிவை நீக்கித் தரச் சொல்லவேண்டும். இன்று அந்த வாசலில் நாற்பது பேர் வரிசை. இளம் ஊழியர் ஒருவர் ஒவ்வொருவருக்கும் குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். சட்டை முதுகு முழுக்க வியர்வை.

ஜூன் 14, சனி. நகோயா, கியோவா

ஷின்கான்செனில் நகோயா. நடைமேடையிலேயே கிஷிமென் கடை, பட்டையான நூடுல்ஸ், மேலே நெளியும் மீன்சீவல். அங்கிருந்து சாதாரண வண்டியில் இருபது நிமிடம் போல, கியோவா. இறங்கிப் பார்க்க ஒன்றுமே இல்லாத நிலையம். ஆனால் தாமதத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது இந்த நடைமேடையிலிருந்துதான்.

2007 டிசம்பர். இந்த நிலையம் இருக்கும் ஓபு நகரில் 91 வயது முதியவர், மறதிநோய் முற்றியவர். கவனித்துக்கொண்டிருந்த 85 வயது மனைவி சில நிமிடம் கண்ணயர்ந்தார். அதற்குள் முதியவர் வெளியே நடந்து, ஓபு நிலையத்தில் வண்டி ஏறி, அடுத்த நிலையமான கியோவாவில் இறங்கி, நடைமேடையின் கோடியிலிருந்து தண்டவாளத்தில் இறங்கினார். வண்டி மோதியது. ரயில் கம்பெனியான ஜேஆர் தோகாய், தாமதத்தாலும் மாற்று ஏற்பாடுகளாலும் ஆன செலவென்று ஏறக்குறைய 72 லட்சம் யென் கேட்டுக் குடும்பத்தின் மேல் வழக்குப் போட்டது.

2013இல் நகோயா மாவட்ட நீதிமன்றம் மனைவியும் மூத்த மகனும் முழுத்தொகையைக் கட்டவேண்டும் என்றது. 2014இல் உயர் நீதிமன்றம் மகனை விட்டுவிட்டு மனைவி பாதியைக் கட்டவேண்டும் என்றது. 2016 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம் இருவருமே கட்டவேண்டாம் என்றது. மனைவி என்பதாலோ மகன் என்பதாலோ மட்டும் மேற்பார்வைக் கடமை தானாக வந்துவிடாது; சேர்ந்து வாழ்வது, உடல்நிலை, உண்மையில் கண்காணிக்க முடியுமா என்பது எல்லாவற்றையும் வைத்தே முடிவுசெய்யவேண்டும் என்று தீர்ப்பு. அந்த மனைவிக்கு அப்போது தொண்ணூறு வயது தாண்டியிருந்தது.

அப்படியானால் அந்த நிமிடங்களுக்கு யார் பொறுப்பு? குடும்பம் இல்லை. டிரைவர் இல்லை. கணக்கு கம்பெனியிடமே தங்கியது. சும்மா விடவில்லை ஊராட்சிகள்: கனகாவா மாகாணத்து யமதோ நகரம் 2017இல் மறதிநோய் உள்ளவர்களுக்காக நகராட்சிச் செலவில் காப்பீடு எடுத்தது, அடுத்த ஆண்டு ஓபுவும் எடுத்தது. பிறகு பல ஊர்கள். தாமதத்தின் பில்லை வரிப்பணத்தில் பிரீமியமாகக் கட்டுவது என்று ஊர் தீர்மானித்துவிட்டது. இந்தப் பயணத்தில் கேள்விப்பட்டவற்றில் மிக நேர்மையான ஏற்பாடு இதுதான் என்று தோன்றுகிறது.

ஜூன் 15, ஞாயிறு. அமகசாகி

ஒசாகாவுக்குப் பக்கத்தில். மழை விட்டு, புழுக்கம். ஸ்டேஷனிலிருந்து தண்டவாளத்தை ஒட்டியே வடக்கே நடந்தால் வளைவு வரும். வளைவின் வெளிப்பக்கம் ஒன்பது மாடி அடுக்ககம் இருந்த இடம். இப்போது கீழ்ப்பகுதியை மட்டும் படிக்கட்டு வடிவில் விட்டுவைத்து, மேலே பெரிய கூரை போட்டிருக்கிறார்கள். இனோரி நோ மோரி, பிரார்த்தனைத் தோப்பு.

2005 ஏப்ரல் 25, காலை 9:18. ஏழு பெட்டி விரைவு வண்டி. டிரைவருக்கு வயது 23. முந்தைய நிறுத்தமான இதாமியில் 72 மீட்டர் தாண்டி நின்று, பின்னால் நகர்த்தி, பயணிகளை ஏற்றிக் கிளம்பியபோது ஒன்றேகால் நிமிடத்துக்குச் சற்று மேல் தாமதம். 70 கிலோமீட்டர் வேகம் அனுமதிக்கப்பட்ட வளைவில் 116இல் நுழைந்து, தடம்புரண்டு, அந்த அடுக்ககத்தில் மோதியது. 107 பேர் இறந்தார்கள், டிரைவரையும் சேர்த்து. காயம் 560 பேருக்கு மேல்.

அந்தத் தாமதத்தைப் பிரித்துப் பார்க்கலாம். ஒரே நடைமேடையின் மறுபக்கம் வேறு தடத்து வண்டிக்கு மாறுவதுதான் அமகசாகியின் வசதி. ஒன்று பிந்தினால் இன்னொன்றும் கெடும். தகராசுகாவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே தனியார் தடத்தோடு போட்டி. விரைவு வண்டிக்கு 2003இல் ஒரு நிறுத்தம் கூட்டினார்கள், ஆனால் பயண நேரத்தைக் கூட்டவில்லை. யொயூ ஜிஃபுன், அதாவது சின்னச் சின்ன இழப்பை விழுங்கிக்கொள்ள அட்டவணையில் விடப்படும் உபரி நேரம், வழித்தெடுக்கப்பட்டிருந்தது. உபரி இல்லாத அட்டவணையில் தாமதம் தவிர்க்க முடியாதது. தவிர்க்க முடியாததை மீட்கும் வேலை டிரைவருடையது.

மீட்கத் தவறினால் நிக்கின் கியோய்க்கு. பகல்நேர மறுபயிற்சி என்று அர்த்தம். அறிக்கை எழுதுவது, விதிகளைப் பார்த்து எழுதுவது, சக ஊழியர்கள் பார்க்க உட்காருவது, சில இடங்களில் களைபிடுங்குவது. இந்த டிரைவர் முந்தைய ஆண்டு ஒரு நிலையத்தில் நூறு மீட்டர் தாண்டி நின்றதற்காக 13 நாள் அதில் இருந்தவர். இதாமியில் தாண்டிய தூரத்தைக் குறைத்துச் சொல்லும்படி கார்டிடம் கேட்டார். கார்டு ரேடியோவில் எட்டு மீட்டர் என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னார். அந்த உரையாடலைக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்ததில் டிரைவரின் கவனம் பிரேக்கிலிருந்து விலகியிருக்கக்கூடும் என்பது 2007இல் வந்த விசாரணை ஆணைய அறிக்கையின் முடிவு. தாமதத்துக்கான தண்டனையைப் பற்றிய பயம், தாமதத்தைவிடப் பெரிதாக அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்தது.

வளைவுக்கும் ஒரு கதை உண்டு. 600 மீட்டர் ஆரமாக இருந்ததை 1996இல் 304 மீட்டராக இறுக்கினார்கள். வேகத்தைத் தானே குறைக்கும் ஏடிஎஸ்-பி கருவி அன்று அங்கே பொருத்தப்பட்டிருக்கவில்லை. விபத்துக்குப் பிறகு அதைப் பொருத்தி, நேர்ப்பாதை வேகத்தை 120இலிருந்து 95ஆகவும், வளைவில் 70இலிருந்து 60ஆகவும் குறைத்து, ஜூன் 19 அன்று தடத்தைத் திறந்தார்கள். ஐம்பத்தைந்து நாள்.

வளைவை மாற்றியபோது ரயில் பிரிவுக்குத் தலைமை வகித்து, பின்னாளில் கம்பெனித் தலைவரான ஒருவர் மேல் வழக்கு. 2012இல் விடுதலை. மற்ற மூன்று முன்னாள் தலைவர்கள் மேல், குடிமக்கள் குழு வற்புறுத்தி வந்த வழக்கு. 2017இல் உச்ச நீதிமன்றம் வரை விடுதலை. சட்டத்தின் கண்ணில் குற்றவாளி என்று யாரும் மிஞ்சவில்லை.

2016இல், அந்த வண்டியை ஓட்டிய கம்பெனியான ஜேஆர் மேற்கு, மனிதத் தவறுகளுக்கு ஒழுங்கு நடவடிக்கை இல்லை என்று விதியை மாற்றியது. நல்ல மாற்றம், பலர் கேட்டுப் பெற்றது. நான்கு வருடம் கழித்து, 2020 ஜூனில், அதே கம்பெனியின் ஒகயாமா நிலையத்தில் ஒரு டிரைவர் காலி வண்டியை யார்டுக்குக் கொண்டுபோகவேண்டும். தவறான நடைமேடையில் காத்திருந்தார். வண்டியைக் கைமாற்றிக்கொள்ள இரண்டு நிமிடம் பிந்தியது, வண்டி ஒரு நிமிடம் பிந்தியது. உள்ளே ஒரு பயணி கிடையாது. சம்பளத்தில் 85 யென் பிடித்தார்கள், பிறகு 56 ஆகக் குறைத்தார்கள். இது தண்டனையில்லை, வேலை நடக்காத நிமிடத்துக்குச் சம்பளமில்லை என்பது கம்பெனியின் வாதம். அவர் நீதிமன்றம் போனார். 2022 ஏப்ரலில் ஒகயாமா மாவட்ட நீதிமன்றம் 56 யென்னைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. தவறைத் திருத்த அங்குமிங்கும் ஓடியதும் வேலைதான். கூடக் கேட்ட 22 லட்சம் யென் நஷ்டஈடு கிடைக்கவில்லை.

ஒரு யென் காசைத் தண்ணீரில் மெல்ல வைத்தால் மிதக்கும், அவ்வளவு லேசு. 56 யென்னுக்கு இங்கே ஒரு ஒனிகிரியில் மூன்றில் ஒரு பங்கு வரும்.

ஜூன் 16, திங்கள். இதாமி

மறுபடி தூறல். காலை ஒன்பது மணி வாக்கில் இதாமி நடைமேடை. வண்டி குறித்த கோட்டில் நின்றது. முன்பெட்டியில், டிரைவருக்குப் பின்னால் உள்ள கண்ணாடி அருகே நிற்க இடம் கிடைத்தது. சுட்டுவிரல், சிக்னல், அட்டவணை, கடிகாரம். ட்சுகாகுச்சி தாண்டி நேர்ப்பாதை. வளைவு இன்னும் கண்ணுக்குப் படுவதற்கு முன்பே பிரேக் விழுந்தது, இழுபடாமல், படிப்படியாக. முள் அறுபதுக்குக் கீழே இறங்கி அங்கேயே நின்றது. இடப்பக்கம் கூரை வந்து போனது. அருகில் நின்றிருந்த பள்ளிச் சீருடைப் பெண் இரண்டு கையிலும் புத்தகத்தைப் பிடித்தபடி, கைப்பிடியைத் தொடாமலே, பக்கத்தைப் புரட்டினாள்.